யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

புதுவைக் கடற்கரைக்கு நடந்து செல்வோர் எவரும் பாரதி பூங்காவின் நடுவே வெண்ணிறத்தில் நிற்கும் ஆயி மண்டபத்தைக் காணாமல் செல்ல இயலாது. அஸர்த் தொழுகையும் மாலைப் பாடங்களும் முடிந்தபின் காற்று வாங்க அவ்வழியே செல்வது நமது நெடுநாளைய வழக்கம். அரசனின் வெற்றியையோ தளபதியின் வீரத்தையோ நினைவூட்ட எழுந்த மண்டபமன்று அது. குடிநீருக்காக எழுந்தது.

செவிவழியாக வழங்கிவரும் கதையை அன்பர்கள் பலரும் அறிந்திருப்பர். விசயநகர வேந்தர் ஒருவர், கிருஷ்ணதேவராயர் என்பர், மாலைப்பொழுதில் விளக்கொளியில் திகழ்ந்த மாளிகை ஒன்றைக் கோயில் எனக் கருதிக் கைகூப்பினார். அது ஆயி என்னும் கணிகையின் இல்லம் என்று அறிந்ததும் வெகுண்டு, அதனை இடித்துத் தள்ள ஆணையிட்டார். அப்பெண்மணியோ தன் கையாலேயே அதை இடிக்க அனுமதி வேண்டி, அவ்விடத்தில் ஊர் மக்களுக்கு ஒரு குளம் வெட்டுவித்தாள். பிற்காலத்தில் பிரெஞ்சு நாட்டை மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில் (1852–1870), நகரின் குடிநீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க முத்திரப்பாளையத்திலிருந்து நீர் கொண்டுவரப்பட்டபோது, அவள் பெயரால் இம்மண்டபம் எழுந்தது. இன்று புதுவை அரசின் சின்னத்திலும் இடம் பெற்றிருப்பது இம்மண்டபமே. கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்பதை ஆராய்வோர் ஆராயட்டும். ஒருத்தியின் உடைமையாக இருந்தது ஊரின் உடைமையாகிவிட்டது என்பதே நம்மைக் கவர்ந்தது. ஊரின் உடைமையாகிவிட்ட ஒன்றை ஒருவன் கவர்ந்தால் அவன் யாரிடமிருந்து கவர்கிறான்? இவ்வினாவை நாம் நூல்களில் பலமுறை படித்துமிருக்கிறோம், மாணவர்க்குப் பயிற்றியுமிருக்கிறோம். ஆயினும் அது நம் வீட்டு வாயிலுக்கே வந்து நின்றது சில ஆண்டுகளுக்கு முன்புதான்.

சித்திரை மாதத்து வெயில் உச்சத்தில் இருந்த சமயம். நம் தெருக்கோடியில் உள்ள ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டாருக்குச் செல்லும் செப்புக்கம்பியை யாரோ இரவோடிரவாக அறுத்துச் சென்றுவிட்டனர். காலையில் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. புதுவை நகரின் குடிநீர் ஆழ்குழாய்க் கிணறுகளையே நம்பியிருப்பது.  நாற்பத்து நான்கு வீடுகள் மூன்று நாள் தண்ணீருக்குத் தவித்தன. பள்ளிவாசலின் ஹவுளில் இருந்த நீரை அளந்து அளந்து செலவிட்டோம். அடுத்த தெருவிலிருந்து குடத்தில் நீர் சுமந்து வந்த மூதாட்டி ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

2011 டிசம்பர் 30-ஆம் நாள் ‘தானே’ புயல் இந்நகரைப் புரட்டிப் போட்டபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல நாட்கள் இருளில் கிடந்தோம். அப்போது பட்ட துன்பம் இதனினும் பன்மடங்கு. ஆனால் அந்நாட்களில் ஒருவர் வீட்டு அரிசியை மற்றவர் வீட்டில் பொங்கினோம். காற்றின்மீது எவர் சினங்கொள்ள முடியும்? கம்பி அறுபட்ட மூன்று நாட்களிலோ நாம் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தோம். அதே தெருவில் ஒரு வீட்டுக் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருந்த வடநாட்டுத் தொழிலாளர் மூவர்மீது ஐயம் விழுந்தது. அவர்களை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவர்கள் நடுவே நாமும் நின்றோம் என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறோம். நம் வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் நின்றோம்.

ஐந்தாம் நாள் உண்மை தெரிந்தது. கம்பியை அறுத்தவன் பதினேழு வயதுப் பையன். நம்மிடம் அலிஃப், பே தொடங்கி ஓதக் கற்றவன். காயலான் கடை ஒன்றில் அதை விற்று அறுநூறு ரூபாய்க்கும் குறைவாகப் பெற்றிருந்தான். (பழம்பொருள் வாங்கும் கடைக்கு இப்பெயர் காயல்பட்டினத்து வணிகர்களால் வந்ததென்பர், நம்மவர்க்கு அப்பெயர் பெருமையா சிறுமையா என்பதை அக்கடையின் தராசே சொல்லவேண்டும்.) சட்டம் தன் வழியில் சென்றது; அதைப்பற்றி ஈண்டு எழுதவில்லை. ஒருநாள் இஷாவுக்குப் பின் அவன் தந்தை அவனை அழைத்துக்கொண்டு நம் இல்லம் வந்தார். தையல் தொழிலாளி, நேர்மையானவர்.

“ஹஜ்ரத், இவன் யார் வீட்டுச் சொத்தையும் தொடவில்லை; சர்க்கார் சொத்தைத்தான் தொட்டுவிட்டான். கம்பிக்கும் மோட்டாருக்கும் ஆன பணத்தைத் தவணையில் கட்டிவிடுகிறேன். இவன் தவ்பாச் செய்ய நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்” என்றார்.

தவ்பாவின் நிபந்தனைகளை முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். பாவத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி பூணுதல். அடியார்களின் உரிமை, அதாவது ஹக்குல் இபாத், கலந்த பாவமாயின் உரியவரிடம் பொருளைத் திருப்பித் தந்து மன்னிப்புப் பெறுதல். முதல் மூன்றும் அவனுக்கும் இறைவனுக்கும் இடையிலானவை. நான்காவதில்தான் நாம் திகைத்தோம். உரியவர் யார்?

‘சர்க்கார் சொத்துத்தானே’ என்ற சொல்லை அந்தத் தந்தை தீய எண்ணத்தால் கூறவில்லை. நம்மில் பலர் அன்றாடம் சொல்லும் சொல் அது. அண்டை வீட்டுக் கொடியில் காயும் துண்டைத் தொட அஞ்சும் மனம், தெருவிளக்குக் கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் எடுக்க அஞ்சுவதில்லை. துண்டுக்கு ஒரு முகம் இருக்கிறது. விளக்குக்கு முகம் இல்லை. அதனால் மனம் அதை உரிமையாளன் இல்லாத பொருளாக எண்ணிக்கொள்கிறது.

இம்மயக்கம் புதியதன்று. நம் சட்ட அறிஞர்கள் இதனை ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். பைத்துல்மாலாகிய பொதுக் கருவூலத்திலிருந்து திருடியவனுக்குத் திருட்டுக்குரிய முழுத் தண்டனையாகிய ஹத்து உண்டா என்ற வினாவுக்கு, இல்லை என்பதே ஹனஃபி அறிஞர் உள்ளிட்ட பலரின் விடை. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களிடம் இவ்வழக்கு வந்தபோதும் அவ்வாறே விடையளித்ததாக நூல்கள் கூறுகின்றன. அக்கருவூலத்தில் திருடியவனுக்கும் ஒரு பங்கு உண்டு. தன் பங்கும் கலந்த பொருளை எடுத்தவனைப் பிறர் பொருளை எடுத்தவனோடு முற்றும் ஒன்றாக வைக்க ஐயம், அதாவது ஷுப்ஹா, தடையாகிறது என்பது காரணம். மாலிக்கி மத்ஹபினர் இதில் மாறுபட்டனர். இருதரப்பு வாதங்களும் படிக்கச் சுவையானவை. இங்கு விரித்தால் கட்டுரை நீண்டுவிடும்.

மேலோட்டமாகப் படிப்பவர் இதிலிருந்து பொதுப்பொருளைத் திருடுதல் சிறு குற்றம் என்ற முடிவுக்கு வந்துவிடக்கூடும். நம் மாணவப் பருவத்தில் நாமே அவ்வாறு எண்ணி ஆசிரியரிடம் கேட்டதுண்டு. அவர் சிரித்துவிட்டு, தண்டனை குறைவது குற்றம் குறைந்ததாலன்று, கணக்கு நம் கைக்கு அடங்காததால் என்றார். அன்று அது முழுதும் விளங்கவில்லை. கைபர்ப் போருக்குப் பின் நிகழ்ந்த செய்தியை நினைத்தபோது விளங்கியது. நாயகம் (ஸல்) அவர்களின் பணியாள் ஒருவர் எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு இறந்தார். மக்கள் அவருக்கு ஷஹீதின் பேறு கிடைத்ததென மகிழ்ந்தனர். நாயகமோ அதை மறுத்து, பங்கிடப்படாத கனீமத்துப் பொருளிலிருந்து அவர் எடுத்த ஒரு போர்வை அவர்மீது நெருப்பாக எரிகின்றது என உரைத்தார்கள். அதைக் கேட்ட ஒருவர் தாம் எடுத்திருந்த செருப்புவார் ஒன்றிரண்டைக் கொணர்ந்து வைத்தார். அதுவும் நெருப்பே என்றார்கள். செருப்புவாரின் விலை என்ன இருந்துவிடும்? ஆனால் அது ஒரு படை முழுவதற்கும் சொந்தமானது. ஒரே ஒருவனுடைய பொருளாயிருந்தால் அவன் மன்னித்து முடித்துவிடலாம். பங்காளிகள் ஆயிரவராயின் மன்னிக்கும் வாயும் ஆயிரமாக வேண்டியிருக்கிறது.

செருப்புவாரும் செப்புக்கம்பியும் இப்படியென்றால், ஒரு நாட்டையே தாங்கும் தூண்களைப்பற்றி என்ன சொல்வது? அணை, பாலம், இருப்புப்பாதை, மின்நிலையம், மருத்துவமனை, இவையெல்லாவற்றையும் இணைக்கும் கணினி வலை ஆகியவை இன்று வீட்டின் அடித்தளம் போன்றவை. அடித்தளத்தை வீட்டில் இருப்பவர் எவரும் பார்ப்பதில்லை.

முக்கொம்பு மேலணையை எடுத்துக்கொள்வோம். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய அமைப்பு. 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு அதன் கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 மதகுகளில் ஒன்பது வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதத்தில் திருச்சியில் கொள்ளிடத்தின் மீது 1928-இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. ஆற்றில் அளவின்றி மணல் அள்ளியதே காரணம் எனப் பலர் கூறினர். அரசு அதை மறுத்தது. அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் தகுதியுடையோம் அல்லோம். ஆனால் ஆற்றுப்படுகையில் மணல் தாழத் தாழ, தூணின் வேர் வெளியே தெரியும், ஓடும் நீர் அவ்வேரை அரிக்கும் என்பது பொறியியல் படிக்காதவர்க்கும் விளங்கும். இரவில் ஒரு மாட்டுவண்டி மணல் திருடுகிறவன் பாலத்தை இடிக்க எண்ணுவதில்லை. பாலம் அவன் நினைவிலேயே இல்லை. 1761-இல் ஆங்கிலேயர் இப்புதுவையைக் கைப்பற்றிக் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினர். அவர்களுக்குத் தாம் என்ன செய்கிறோம் என்பது தெரிந்திருந்தது, ஊருக்கும் தெரிந்திருந்தது. மணல் திருடனுக்கோ, கம்பி திருடிய பையனுக்கோ தான் எதை இடிக்கிறோம் என்பது தெரியாது. பகைவனைவிட இவனிடம் நமக்கு அச்சம் மிகுகிறது.

கண்ணுக்கே தெரியாத திருட்டும் இப்போது வந்துவிட்டது. கூடங்குளம் அணுமின் நிலையத்தைப்பற்றிய செய்தி நினைவிருக்கலாம். அங்கு விளையும் மின்சாரத்தில் புதுவைக்கும் ஒரு பங்கு உண்டு. 2019 அக்டோபர் இறுதியில் அந்நிலையத்தின் கணினிகளில் வேவு பார்க்கும் நச்சுநிரல் புகுந்துள்ளதாகச் செய்தி பரவிற்று. 29-ஆம் நாள் நிலையத்தின் சார்பில் அது பொய்ச்செய்தி என மறுப்பு வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் நச்சுநிரல் கண்டறியப்பட்டது உண்மையே என்று அறிவித்தது. செப்டம்பர் 4-ஆம் நாளே தங்களுக்கு எச்சரிக்கை கிடைத்ததாகவும், நிருவாகப் பணிக்கான, இணையத்தோடு தொடர்புடைய ஒரு கணினியே பாதிக்கப்பட்டதாகவும், உலையை இயக்கும் அமைப்பு அதனின்றும் தனித்து நிற்பதாகவும் விளக்கியது. அவ்விளக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் ஒரு நாள் இடைவெளியில் வந்த இரு கூற்றுகளைப் படித்த சாதாரண மனிதன் மூன்றாம் கூற்றை எவ்வாறு நம்புவான்? காவலனுக்குப் பூட்டும் துப்பாக்கியும் வேண்டியவை. அவற்றினும் முன்னதாக அமானிதம் வேண்டும். ஊரார் பொருளைக் காப்பவன் அப்பொருளுக்கு நேர்ந்ததை ஊராரிடம் உள்ளபடி சொல்லுதல் அமானிதத்தின் பகுதியே. தாக்கியவனுக்குப் பயன்படும் நுட்பங்களை மறைக்கலாம், மறைக்கவும் வேண்டும். நேர்ந்ததையே மறுப்பது வேறு.

2022 நவம்பர் 23-ஆம் நாள் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளைப் பணயம் பறிக்கும் கூட்டம் முடக்கியது. இரு வாரங்கள் அளவுக்கு அங்கே சீட்டுப் பதிவும் ஆய்வு முடிவுகளும் கையால் எழுதப்பட்டன. நோயாளியைத் தூக்கிச் சென்று பணம் கேட்டால் உலகம் கொதித்தெழும். நோயாளியின் ஏட்டைத் தூக்கிச் சென்றால் அது ‘கணினிக் கோளாறு’ என்ற பெயரில் அடங்கிவிடுகிறது. வழிப்பறியை நம் நூல்கள் சாதாரணத் திருட்டிலிருந்து பிரித்து, ஹிராபா எனத் தனித் தலைப்பில் வைத்தமைக்குக் காரணம், அது ஒருவனின் பையைப் பறிப்பதோடு நில்லாமல் அனைவரின் பாதையையும் அஞ்சும் பாதையாக்கிவிடுகிறது என்பதே. மருத்துவமனையின் கணினியை முடக்குபவனை அத்தலைப்பின்கீழ்க் கொணர்வதில் நமக்குத் தயக்கமில்லை. இந்தியச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இத்தகைய அமைப்புகளைக் காக்கப்பட்ட அமைப்புகளாக அறிவிக்க வழி செய்து, அத்துமீறுவோர்க்குப் பத்தாண்டு வரை சிறை விதித்துள்ளது.

எல்லாரையும் ஒரே தலைப்பின்கீழ்க் கொணர்வதில்தான் தயக்கம். 2022 செப்டம்பர் இறுதியில், மின்விநியோகத்தைத் தனியாரிடம் ஒப்படைக்கும் முடிவை எதிர்த்து நம் புதுவை மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அக்டோபர் முதல் நாள் இரவு நகரின் பல பகுதிகள் இருண்டன. வேண்டுமென்றே மின்சாரம் துண்டிக்கப்பட்டதென அரசுத் தரப்பில் குற்றஞ்சாட்டப்பட்டது. மத்தியத் துணைப்படையினர் வரவழைக்கப்பட்டனர். யார் எதைச் செய்தார் என்பது நம் ஆராய்ச்சியன்று. கூலிக்காரன் வேலை செய்ய மறுப்பது அவன் உரிமை. நோயாளியின் வீட்டு மின்விசையை அணைப்பது எவருடைய உரிமையுமன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கோட்டை அழியவிடலாகாது. உரிமைக் குரலைச் சதி என்று பெயரிட்டு அடக்கும் ஆட்சியும் அக்கோட்டை அழிக்கிறது. குரலெழுப்பும் உரிமையின் போர்வையில் விசையை அணைப்பவனும் அழிக்கிறான். ‘நாட்டின் பாதுகாப்பு’ என்ற சொல் கையில் கிடைத்ததும் எல்லாரையும் திருடராகப் பார்க்கத் தொடங்கும் காவலரை வரலாறு நெடுகக் கண்டிருக்கிறோம். நம் தெருவில் அந்த மூன்று நாட்களில் நாமே அவ்வாறுதான் இருந்தோம்.

கப்பலின் உவமையை அறியாத முஸ்லிம் இல்லம் இருக்காது. மேல்தட்டில் சிலர், கீழ்த்தட்டில் சிலர். கீழே உள்ளவர்கள் நீருக்கு மேலே சென்று வரவேண்டியிருந்தது. மேலே உள்ளவர்க்குத் தொந்தரவு வேண்டாமென, தம் பகுதியில் ஒரு துளையிட்டுக்கொள்ள எண்ணினர். விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் விளக்கம். மிம்பர்களில் இதனைத் தீமையைத் தடுப்பதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவோம், நாமும் கூறியிருக்கிறோம். பையனும் தந்தையும் வந்துபோன இரவில் தூக்கம் பிடிக்காமல் அவ்வுவமையை மீண்டும் எண்ணியபோது, இதுவரை கவனியாத இரண்டு தென்பட்டன. துளையிட எண்ணியவன் கப்பலைக் கவிழ்க்க எண்ணவில்லை. அவன் நாடியது தண்ணீர். அடுத்து, அவனைக் கடலில் எறியச் சொல்லப்படவில்லை. கையை வெட்டவும் சொல்லப்படவில்லை. கையைப் பிடிக்கவே சொல்லப்பட்டது. பிடித்த கையை விடாமல் அவனுக்குத் தண்ணீர் தருவதும் மேல்தட்டின் கடமையாகிறது அல்லவா? நீரை மேலேயே வைத்துக்கொண்டு, கீழிருந்து ஏறி வருபவனைக் கண்டு முகம் சுளிப்பவர்க்கு உளியைக் குறைகூற எவ்வளவு தகுதி உண்டு?

உளியை விலைக்கு வாங்குபவனையும் மறக்கலாகாது. 1966-ஆம் ஆண்டின் இருப்புப்பாதைச் சொத்துச் சட்டம், ரயில்வேக்குரிய பொருள் ஒருவனிடம் ஐயத்துக்கிடமாக இருந்தால், அது நேர்வழியில் வந்ததென மெய்ப்பிக்கும் பொறுப்பை அவன்மீதே சுமத்துகிறது. நல்ல சட்டம். எடைக்கு வாங்குபவன் ‘எங்கிருந்து’ என்று ஒரு சொல் கேட்டிருந்தால் நம் தெருவில் மூதாட்டியின் கை முறிந்திராது.

மறுநாள் அப்பையனை அழைத்தோம். பணத்தைத் தந்தை கட்டட்டும். நீ நாற்பத்து நான்கு வீடுகளுக்கும் சென்று கேட்டுவா என்றோம். முகம் வெளுத்தது. ஆனால் சென்றான். பெரும்பாலோர் மன்னித்தனர். இருவர் கதவையே திறக்கவில்லை. மறுவாரம் மீண்டும் சென்றான். ஒரு வீட்டில் அடியும் வாங்கினான் எனக் கேள்விப்பட்டோம். கைமுறிந்த மூதாட்டியின் வீட்டுக்கு மட்டும் தனியே போக அஞ்சி நம்மை அழைத்தான். அந்த அம்மையார் கட்டுப்போட்ட கையோடு வாசலில் அமர்ந்திருந்தார்.

“பாட்டிம்மா, நான்தான்” என்றான்.

“தெரியும் வாப்பா. மன்னிக்கிறது இருக்கட்டும். இந்தக் கையால குடம் தூக்க முடியாது. கட்டு அவிழ்க்கிற வரைக்கும் காலையில வந்து தண்ணி புடிச்சு வெச்சுட்டுப் போ” என்றார்.

ஆறு வாரங்கள் அவன் சென்று வந்தான். கட்டு அவிழ்த்த நாளில் அவர் மன்னித்தாரா என்று நாம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அதன்பின் ஒருநாள் ஓதல் முடிந்து பிள்ளைகள் கலைந்தபோது அவன் தூணருகே நின்றுகொண்டிருந்தான். “ஹஜ்ரத், கட்டட வேலைக்கு வந்திருந்த அந்த மூணு பேரு? என்னாலதானே அவங்களை நிறுத்திக் கேட்டாங்க” என்றான். நாற்பத்து நான்கு வீடுகளை எண்ணிக் கொடுத்த நமக்கு அந்த மூவரும் எண்ணிக்கையில் வரவேயில்லை. அவர்களிடம் கேட்க வேண்டியவன் அவன் ஒருவன் மட்டுமல்லன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. இருவரும் சேர்ந்து அந்த வீட்டின் ஒப்பந்தக்காரரைத் தேடிச் சென்றோம். வேலை முடியுமுன்பே அவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். எந்த ஊருக்கு என்பது அவருக்குத் தெரியவில்லை. மூவரில் ஒருவருடைய கைப்பேசி எண்ணைக் கொடுத்தார். அவ்வெண் பயன்பாட்டில் இல்லை என்ற குரலே இன்றுவரை வருகிறது.